ஐந்து வயதுப் பேரரசி

1666ஆம் ஆண்டில் மாட்ரிட் அரண்மனையில் இருந்த ஓவியங்களுக்குப் பட்டியல் எடுத்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் தியேகோ வெலாஸ்கெஸ் வரைந்த ஒரு பெரிய ஓவியத்தை அந்தப் பட்டியல், பேரரசியார் தம் தோழிப் பெண்களுடனும் ஒரு குள்ளச்சியுடனும் இருக்கும் படம் என்று குறிக்கிறது. படத்தில் உள்ள 'பேரரசியாருக்கு' வயது ஐந்து. பட்டியல் எழுதியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஸ்பெயின் இளவரசி மார்கரீட்டா தெரேசாவுக்கும் வியன்னாவில் இருந்த புனித ரோமானியப் பேரரசர் லியோபோல்டுக்கும், மணமகன் இல்லாமலே பிரதிநிதியை நிறுத்தி, மாட்ரிட்டில் மணம் முடித்திருந்தார்கள். பதினைந்து வயதுகூட நிரம்பாத பெண்ணுக்குக் கிடைத்த பட்டம், பின்னோக்கிப் போய் அவளுடைய ஐந்து வயது உருவத்தின் மீதும் ஒட்டிக்கொண்டது.

1734இல் எடுத்த பட்டியலில் அதே படம் 'நான்காம் பிலிப் மன்னரின் குடும்பம்' ஆயிற்று. 1843இல் பிராடோ அருங்காட்சியகப் பட்டியல் அதற்கு 'லாஸ் மெனினாஸ்' என்று பெயரிட்டது. மெனினா என்பது போர்த்துகீசியச் சொல். இளவரசிக்குத் துணையாக அரண்மனையில் வளரும் உயர்குடிப் பெண்களைக் குறிக்கும். முதலில் கணவன் வழியாக ஒரு தலைப்பு, பிறகு தகப்பன் வழியாக ஒன்று, கடைசியில் தோழிகள் வழியாக ஒன்று. மார்கரீட்டா என்ற பெயர் எதிலும் இல்லை. உலகத்தில் மிக அதிகமாக எழுதப்பட்ட ஓவியங்களில் ஒன்றின் நட்டநடுவில், சன்னல் வெளிச்சம் முழுவதையும் முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்கும் பெண் அவள்.

இந்த ஓவியத்தைப் பற்றி எழுதியவர்கள் அவளை என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி. அதற்கு முன் அரண்மனை அவளை என்ன செய்தது என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே நாம் நினைக்கும் அளவுக்குத் தூரமில்லை.

மிஷேல் ஃபூக்கோவின் 'சொற்களும் பொருள்களும்' 1966இல் வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயம் முழுக்க இந்த ஓவியம்தான். ஓவியர் நம்மைப் பார்க்கிறார், பின்சுவரில் ஒரு கண்ணாடி, அதில் அரசனும் அரசியும் மங்கலாகத் தெரிகிறார்கள், அவர்கள் நிற்கும் இடம் நாம் நிற்கும் இடமே என்று அடுக்கடுக்காகப் பிரித்துக்கொண்டே போகிறார். அப்படிச் செய்வதற்காக அவர் படத்தில் உள்ளவர்களின் பெயர்களைத் தெரிந்தே ஒதுக்கிவைக்கிறார். பெயர்களைச் சொல்லிவிட்டால் பார்வை நின்றுவிடும் என்பது அவர் வாதம். அந்த அத்தியாயத்தின் கூர்மையை நான் மறுக்கவில்லை. ஓவியத்தைப் பார்க்கவே பலருக்குக் கற்றுக்கொடுத்த அத்தியாயம் அது. ஆனால் பெயர்களை எடுத்துவிட்டால் கூடவே உறவுமுறையும் போய்விடுகிறது. கண்ணாடியில் தெரிவது வெறும் 'அரசனும் அரசியும்' ஆகிவிடுகிறார்கள். அவர்கள் யார் என்று கேட்டால்தான் அந்தக் கண்ணாடி எதைக் காட்டுகிறது என்று புரியும். அதில் தெரிவது ஒரு தாய்மாமனும் அவன் மணந்த தங்கை மகளும்.

நான்காம் பிலிப்புக்கு முதல் மனைவி இசபெல் வழியாகப் பிறந்த ஒரே ஆண் வாரிசு பல்தஸார் கார்லோஸ். அவனுக்குப் பிலிப்பின் தங்கை மகள் மரியானாவை நிச்சயம் செய்திருந்தார்கள். அவள் வியன்னாவில் வளர்ந்தவள். 1646 அக்டோபரில் பதினேழு வயதைக்கூட எட்டிப்பிடித்திராத அந்தப் பையன்—அவனுக்கு அப்போது பதினேழு வயது நிறைய ஒரு வாரமே இருந்தது—காய்ச்சலில் இறந்துபோனான். மரியானாவுக்கு வயது பதினொன்று. நிச்சயித்த பெண்ணை வீணாக்குவானேன்? மாப்பிள்ளையை மாற்றினார்கள். மகனுக்குப் பேசிய பெண்ணை 1649இல் தகப்பனே மணந்துகொண்டார். அவருக்கு நாற்பத்து நான்கு, அவளுக்குப் பதினான்கு. அவருடைய முதல் தாரத்து மகள் மரியா தெரேசா, இந்தச் சிற்றன்னையைவிட நான்கு வயதுகூட இளையவளல்ல. 1651 ஜூலையில் மார்கரீட்டா பிறந்தபோது தாய்க்குப் பதினாறு வயது. 1655இல் பிறந்த அடுத்த பெண் சில நாள்களே உயிரோடிருந்தது. மறு ஆண்டு வெலாஸ்கெஸ் வரைந்த கண்ணாடியில் தெரியும் மரியானாவுக்கு இருபத்தொன்று. பெற்றோரின் பிம்பத்துக்குக் கீழே மார்கரீட்டா நிற்கிறாள். அவளை மணக்கப்போகிறவன் மரியானாவின் தம்பி லியோபோல்ட். அதாவது கண்ணாடி, எதிரே நிற்பவர்களைக் காட்டுவதோடு அந்தச் சிறுமிக்கு என்ன நடக்கப்போகிறது என்பதையும் காட்டிக்கொண்டிருக்கிறது. ஃபூக்கோவின் அத்தியாயத்தில் இதற்கு இடமில்லை, ஏனென்றால் அங்கே யாரும் யாருக்கும் எந்த முறையும் இல்லை.

தமிழில் எழுதும்போது இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோக முடியாது. லியோபோல்டுக்கு மார்கரீட்டா அக்காள் மகள். அவனுடைய அம்மா பிலிப்பின் தங்கை என்பதால் அவள் மாமன் மகளும் ஆகிறாள். இரண்டு பக்கமும் முறைப்பெண். திருமணத்துக்குப் பிறகும் அவள் அவனை மாமா என்றே அழைத்தாள் என்பதை ஐரோப்பிய வரலாற்று நூல்கள் ஒரு சின்ன அதிர்ச்சியோடு குறிப்பிடுகின்றன. நம் ஊரில் யாருக்கும் இதில் அதிர்ச்சி வராது. ஆனால் வேறுபாடும் உண்டு. நம்மிடம் தகப்பனுடன் பிறந்தவன் சித்தப்பன், பெரியப்பன். தகப்பன் இடத்தில் இருப்பவன். தாயுடன் பிறந்தவன் மாமன். பெண் கேட்கும் இடத்தில் இருப்பவன். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இருவருக்கும் ஒரே சொல்தான். அவர்களுடைய திருச்சபைச் சட்டத்தில் இந்தத் திருமணம் தடைசெய்யப்பட்ட ஒன்று. போப்பிடம் விலக்கு வாங்கினால்தான் நடக்கும். நமக்கு வழக்கம் என்ற பெயரில் நடந்தது, அவர்களுக்கு விதிவிலக்கு என்ற பெயரில் நடந்தது. பெண்ணிடம் கேட்கவேண்டிய அவசியம் இரண்டிலும் இருக்கவில்லை. ஆகவே ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் நீண்ட தாடையைப் பார்த்துச் சிரிக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது, சொத்து வெளியே போகாமலிருக்கச் சொந்தத்திலேயே பெண் கொடுத்த ஒரு சமூகத்தின் வாசகியாக எனக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடிவதில்லை.

காரணமும் சொத்துதான். காஸ்டில் நாட்டுப் பழைய சட்டப்படி மகன் இருந்தால் மகன், இல்லாவிட்டால் மகள் அரியணை ஏறலாம். இசபெல்லா அப்படித்தான் பதினைந்தாம் நூற்றாண்டில் அரசியானார். பெண்ணை அறவே விலக்கிய பிரான்ஸோடு ஒப்பிட்டு, இதைப் பெண்களுக்குச் சாதகமான சட்டம் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. வாரிசாக முடியாத பெண்ணை எங்கு வேண்டுமானாலும் கட்டிக்கொடுக்கலாம். வாரிசாகக்கூடிய பெண் ஆபத்தானவள். அவளை மணப்பவன் நாட்டையே மணக்கிறான். ஆகவே அவளை வெளியே விட முடியாது. விட்டால் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு விட வேண்டும். பல்தஸார் கார்லோஸ் இறந்த 1646 முதல் ஃபெலிபே ப்ரோஸ்பெரோ பிறந்த 1657 வரை, பதினோரு ஆண்டுகள் மரியா தெரேசாதான் ஸ்பெயினின் அடுத்த வாரிசு. அத்தனை ஆண்டுகளும் அவள் திருமணம் தள்ளிக்கொண்டே போயிற்று. அரண்மனையில் அவள் இருந்த காலத்திலேயே வரைந்த 'லாஸ் மெனினாஸ்' படத்தில் அவள் இல்லை.

தம்பி பிறந்த பிறகுதான் அவளுக்கு விடுதலை. அதாவது, வேறு இடத்துக்குப் போக அனுமதி. பிரான்ஸுடன் இருபத்து நான்கு ஆண்டுகள் நடந்த போர் 1659இல் பிரனீஸ் ஒப்பந்தத்தோடு முடிந்தது. ஒப்பந்தத்தின் ஒரு பகுதி மரியா தெரேசா. 1660இல் பதினான்காம் லூயியை மணந்தாள். 1615இல் இரண்டு அரச குடும்பங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்ததால் லூயி அவளுக்கு அத்தை மகனும் மாமன் மகனுமாக இருந்தான். ஸ்பெயின் அரியணையில் தனக்கோ தன் பிள்ளைகளுக்கோ எந்த உரிமையும் இல்லை என்று அவள் எழுதிக்கொடுக்க, அதற்கு ஈடாக ஐந்து லட்சம் பொன் எஸ்குடோ சீதனம் என்று பேச்சு. சீதனம் கொடுக்கப்படவே இல்லை. கொடுக்காத சீதனத்தைக் காரணம் காட்டி, எழுதிக்கொடுத்ததும் செல்லாது என்று லூயி பிற்காலத்தில் படையெடுத்தான். சீதனப் பாக்கி இரண்டு நாடுகளுக்கிடையே போராக முடிந்தது.

அக்கா பாரிஸுக்குப் போனதால் வியன்னாவுக்குத் தங்கை என்று முடிவாயிற்று. அந்த முடிவு வருவதற்கு முன்பே படங்கள் போய்க்கொண்டிருந்தன. வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸ் வரைந்த மூன்று மார்கரீட்டாக்கள் இருக்கிறார்கள். ஏறத்தாழ 1654இல் இளஞ்சிவப்பு உடையில், 1656 வாக்கில் வெள்ளை உடையில், 1659இல் நீல உடையில். குழந்தை வளர்வதைத் தாய்வீட்டாருக்குக் காட்டும் படங்கள் என்று கலை வரலாறு சொல்லும். அது பொய்யில்லை, பாட்டனும் மாமனும் இருக்கும் வீடுதான் அது. ஆனால் பெண் பார்க்கும் வீட்டுக்கு வரிசையாகப் போகும் போட்டோக்களை அறிந்த நமக்கு அவற்றின் இன்னொரு வேலையையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. இளஞ்சிவப்பு உடைப் படத்தில் அவள் ஒரு கையை மேசை மேல் ஊன்றியிருக்கிறாள். மறு கையில் மூடிய விசிறி. மூன்று வயதுக் குழந்தைக்கு மேசை ஒரு பிடிமானம். மேசை மேல் கண்ணாடிக் குவளையில் இருக்கும் பூக்களை வெலாஸ்கெஸ் எத்தனை அலட்சியமான தீற்றல்களில் போட்டிருக்கிறார் என்று வியப்பவர்கள், அந்தக் கை எதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்பதில்லை. நீல உடைப் படத்தில் அவளுக்கு எட்டு வயது. கையில் பழுப்பு நிற மென்மயிர்க் கையுறைப் பை. பாவாடை அவள் உயரத்தைவிட அகலமாகத் தெரிகிறது.

அந்தப் பாவாடையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உள்ளே வளையங்கள் கட்டி இருபுறமும் விரியும் அந்த உடைக்குக் குவார்டாஇன்ஃபான்டே என்று பெயர். சொல்லின் பொருள் 'குழந்தைக் காப்பு'. முறைதவறிய கர்ப்பத்தை மறைக்கத்தான் பெண்கள் அதை அணிகிறார்கள் என்று மத போதகர்களும் நாடகக்காரர்களும் கேலி செய்தார்கள். 1639இல் இதே நான்காம் பிலிப், உரிமம் பெற்ற பாலியல் தொழிலாளிகளைத் தவிர வேறு எந்தப் பெண்ணும் அதை அணியக் கூடாது என்று ஆணையிட்டார். பெண்கள் கேட்கவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதே உடை அரசவையின் கட்டாய உடையாகி, அரசனின் மனைவிக்கும் மகள்களுக்கும் ஏறியது. யாருடைய குழந்தை என்று தெரியாமல் போய்விடும் என்ற அச்சத்தில் தடைசெய்த உடையை, யாருடைய குழந்தையைச் சுமக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவான ஒரு சிறுமிக்குப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அந்த உடையின் வெள்ளிச் சரிகைமேல் ஒளி விழும் விதத்தைப் பற்றி மட்டும் பல பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. அவை தவறில்லை. ஒளி அப்படித்தான் விழுகிறது.

நீல உடைப் படத்தோடு சேர்த்து வியன்னாவுக்குப் போன இன்னொரு படம் தம்பி ஃபெலிபே ப்ரோஸ்பெரோவுடையது. இரண்டு வயதுப் பையன், வெளிறிய முகம், நாற்காலி மேல் ஒரு நாய்க்குட்டி. அவன் உடையின் முன்பக்கம் முழுக்கத் தாயத்துகளும் சின்ன மணிகளும் தொங்குகின்றன. கண்ணேறு படாமலும் நோய் அண்டாமலும் இருக்க. அக்காவின் உடையில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை; நகைகள்தான் இருக்கின்றன. பையன் நான்கு வயது முடிவதற்குள் 1661 நவம்பர் முதல் தேதி இறந்தான். ஐந்து நாள் கழித்துக் கார்லோஸ் பிறந்தான்.

'லாஸ் மெனினாஸ்' படத்துக்குத் திரும்பினால், மண்டியிட்டிருக்கும் மரியா அகுஸ்தீனா ஒரு தட்டில் சிறிய சிவப்பு மண்கலயத்தை மார்கரீட்டாவிடம் நீட்டுகிறாள். புகாரோ என்று அழைக்கப்பட்ட வாசனை மண்ணால் செய்தது. தண்ணீர் குடிக்க மட்டுமல்ல, அந்தக் காலத்து உயர்குடிப் பெண்கள் அந்த மண்ணையே கடித்துத் தின்றார்கள். முகம் வெளுக்கும் என்பது ஒரு காரணம், மாதவிடாய் நிற்கும் என்பது இன்னொன்று. பாவமன்னிப்புக் கேட்கும்போது குருமார் அதற்குத் தண்டனை விதிக்கும் அளவுக்குப் பரவியிருந்த பழக்கம். மண் தின்னும் பெண்களை நம் வீடுகளிலும் அறிவோம். இரத்தசோகை அதன் ஒரு பெயர். படத்தின் மையத்தில் இரண்டு சிறுமிகளுக்கு இடையே அந்தக் கலயம் இருக்கிறது. அது என்ன என்று கேட்காமலே ஓவியத்தின் பார்வைக் கோடுகளை அளந்தவர்கள் பலர்.

தத்துவம் அவளைக் காணாமல் போக்கியது என்றால் இலக்கியம் அவளைக் கொடியவளாக்கியது. ஆஸ்கர் வைல்டின் 'இளவரசியின் பிறந்தநாள்' 1891இல் வந்த தொகுப்பில் உள்ள கதை. பன்னிரண்டு வயது ஸ்பானிய இளவரசியின் பிறந்தநாளில் ஆடிக் காட்டுவதற்குக் காட்டிலிருந்து பிடித்துவந்த உயரம் குன்றிய சிறுவன், அவள் தன்னை நேசிப்பதாக நம்பி, கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து நெஞ்சு வெடித்துச் சாகிறான். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கதையில் உள்ள இரக்கம் முழுவதும் அவனுக்கே. வைல்ட் தன் நியாயத்தை எழுதினார், அதில் பிழை சொல்ல வரவில்லை. ஆனால் வெலாஸ்கெஸின் ஓவியத்தில் இருக்கும் மாரி பார்போலா என்ற பெண், கதையில் ஒரு ஆணாக மாறியிருப்பதைக் கவனிக்கலாம். படத்தில் அவள் யாருக்கும் ஆடிக்காட்டவில்லை. வலப்பக்கம் கனத்த உடையில் நின்று நேராக நம்மைப் பார்க்கிறாள். ஓவியத்தில் எவரையும்விட அவளுடைய பார்வைக்கே அஞ்சுகிறேன். அவளை இளவரசியின் அழகுக்கு எதிர்நிலையாக வைக்கும் விமர்சன மரபு இன்னும் ஓயவில்லை. இருவரையும் அந்த அறைக்குக் கொண்டுவந்தது ஒரே அரண்மனை. ஒருத்தியை அவளுடைய உடல் சேர்க்கக்கூடிய நாடுகளுக்காக, இன்னொருத்தியை அவளுடைய உடல் தரும் வேடிக்கைக்காக.

1957இல் பிக்காஸோ இந்த ஓவியத்தை எடுத்து ஐம்பத்தெட்டுப் படங்களின் வரிசை ஒன்று வரைந்தார். அவற்றில் மார்கரீட்டாவின் தலை வெட்டப்பட்டும் திருப்பப்பட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் ஆண் மேதை இன்னோர் ஆண் மேதையோடு பேசுவதற்கு அவள் முகம் சொல்லாகிறது. இதற்கு மேல் அந்த வரிசையிடம் எனக்குக் கேட்க எதுவும் இல்லை.

இப்போது அறிவியலின் முறை. 2009இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் 'ப்ளாஸ் ஒன்' இதழில் ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் நெருங்கிய உறவுத் திருமணங்களைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஸ்பானிய ஹாப்ஸ்பர்க் அரசர்களின் பதினொரு திருமணங்களில் ஒன்பது நெருங்கிய சொந்தத்துக்குள். மார்கரீட்டாவின் தம்பி இரண்டாம் கார்லோஸின் உட்கலப்புக் கெழு 0.254, உடன்பிறந்தவர்களுக்குப் பிறக்கும் பிள்ளையின் அளவு. 1527 முதல் 1661 வரை பிறந்த 34 குழந்தைகளில் 10 பேர் ஒரு வயதுக்குள், 17 பேர் பத்து வயதுக்குள் இறந்திருக்கிறார்கள். நேர்த்தியான ஆய்வு, மறுக்க எதுவுமில்லை. ஆனால் அதிலிருந்து கிளம்பிய செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி எழுதப்பட்டன. வம்சம் தன்னைத் தானே அழித்துக்கொண்டது, இரத்தம் கெட்டுப்போனது, கார்லோஸுக்கு நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. வினைகளுக்கெல்லாம் எழுவாய் 'வம்சம்'. முப்பத்து நான்கு குழந்தைகளையும் வம்சம் பெறவில்லை. பெற்றவர்கள் சில பெண்கள். அவர்களில் பலருக்கு அந்தக் கணக்கு முடியும் முன்பே உயிர் முடிந்தது.

மார்கரீட்டாவின் கணக்கு ஆறே ஆண்டுகள். 1665 செப்டம்பரில் தகப்பன் இறந்தார். அவருடைய உயில், கார்லோஸுக்கு வாரிசு இல்லாமல் போனால் அடுத்த உரிமை மார்கரீட்டாவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் என்று சொன்னது. மரியா தெரேசா பட்டியலிலேயே இல்லை. உரிமையோடு அனுப்பப்பட்ட மகள் இவள். தாய் மரியானா, இப்போது நான்கு வயது மகனின் பெயரால் ஆட்சி நடத்தும் பொறுப்பரசி, தன் மகளைத் தன் தம்பிக்கு அனுப்பிவைத்தார். மரியானாவைப் பலிகடாவாக மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த இடம் தொந்தரவு தரும். பதினான்கு வயதில் தனக்கு நடந்ததைப் பதினைந்து வயதில் மகளுக்கு நடத்திவைக்கும் இடத்தில், கையெழுத்திடும் அதிகாரத்தோடு, அவர் இருந்தார். அந்த ஆண்டு மாஸோ வரைந்த ஓவியம் பிராடோவில் இருக்கிறது. வெலாஸ்கெஸின் மருமகன் அவர். கறுப்புத் துக்க உடையில் மார்கரீட்டா. கல்யாணப் பெண்ணின் கடைசி ஸ்பானியப் படம் அது.

ஏப்ரலில் மாட்ரிட்டை விட்டவள் டிசம்பரில் வியன்னா சேர்ந்தாள். கொண்டாட்டங்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீண்டன. அதன் உச்சம் 1668 ஜூலையில் அவளுடைய பதினேழாவது பிறந்தநாளுக்காக நடந்த செஸ்தியின் 'தங்க ஆப்பிள்' இசை நாடகம். அதற்கென்றே புர்னாசினி ஒரு தனி அரங்கம் கட்டினார். மூன்று தெய்வப் பெண்களில் யார் அழகி என்ற பழைய கிரேக்கப் போட்டியில், இங்கே கடைசியில் ஜூபிடர் ஆப்பிளை எவருக்கும் தராமல் பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பேரரசிக்குத் தருகிறார். அந்த நாடகத்தைப் பற்றிய இசை வரலாறுகள் மேடை இயந்திரங்களையும் செலவையும் விவரமாகப் பேசுகின்றன. ஆறு மாதத்துக்கு முன், ஜனவரியில், அவளுடைய முதல் குழந்தை மூன்றரை மாத வயதில் இறந்திருந்தது. 1669இல் மரியா அந்தோனியா பிறந்தாள்; பிழைத்தவள் அவள் ஒருத்திதான். 1670இல் ஒரு மகன், 1672இல் ஒரு மகள், இரண்டும் தங்கவில்லை. 1673 மார்ச்சில் இருபத்தொரு வயதில் மார்கரீட்டா இறந்தாள். அக்டோபரில் லியோபோல்ட் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாவது மனைவியும் மூன்றாண்டுக்குள் போய்விட, மூன்றாவது மனைவிதான் அவருக்கு மகன்களைப் பெற்றுத் தந்தார்.

இதோடு நிறுத்திவிட்டால் நல்ல சோகக் கதை ஆகிவிடும். இன்னொன்றும் நடந்தது. 1670இல் வியன்னாவிலிருந்து யூதர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வாழ்ந்த பகுதி லியோபோல்டின் பெயரால் லியோபோல்ட்ஷ்டாட் ஆயிற்று, அவர்களுடைய தொழுகைக் கூடம் தேவாலயமாயிற்று. அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த தூண்டுதல்களில் பேரரசியினுடையதும் ஒன்று என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். யூதர்களை விட்டுவைத்ததால்தான் தன் குழந்தைகள் சாகின்றன என்று அவள் நம்பினாள். பெண்ணிய வாசிப்பு என்ற பெயரில் மார்கரீட்டாவை மீட்டெடுக்கும் எழுத்துகள் பெரும்பாலும் இந்தப் பத்தியை விட்டுவிடுகின்றன. விடக்கூடாது என்பது என் கருத்து. குழந்தை தங்காததற்குப் பெண்மேல் விழும் பழியை அவள் தன்னைவிடப் பலவீனமானவர்கள் மேல் தள்ளினாள். தள்ளுவதற்கு அவளிடம் அதிகாரம் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அந்த இரண்டு வரிகளையும் சேர்த்து எழுத முடியாத பெண்ணியம், ஓவியத்திலிருந்து அவளை வெட்டி எடுத்து மறுபடியும் தனியே மாட்டுகிறது, அவ்வளவுதான்.

பிழைத்த மகள் மரியா அந்தோனியாவைச் சிறு வயதிலேயே ஸ்பெயினின் இரண்டாம் கார்லோஸுக்குப் பேசினார்கள். தாயின் தம்பி, மறுபடியும் தாய்மாமன். அது நடக்கவில்லை. 1685இல் பவேரியத் தேர்வாளர் மாக்ஸ் எமானுவேலை மணந்தபோது, ஸ்பெயின்மீது தாய்வழி வந்த உரிமையைத் தகப்பன் லியோபோல்ட் அவளிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டார். 1692இல் ஒரு மகனைப் பெற்று இரண்டே மாதத்தில் அவளும் இறந்தாள். அந்தப் பையன் யோசப் ஃபெர்டினான்டைத்தான் கார்லோஸ் தன் வாரிசாக அறிவித்தார். 1699 பிப்ரவரியில் ஆறு வயதில் அவன் இறந்தான். மார்கரீட்டாவின் கிளை அத்தோடு முடிந்தது. 1700இல் கார்லோஸும் போக, ஐரோப்பா பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போரிட்டது. அரியணையைப் பெற்றவர் ஐந்தாம் பிலிப், பதினான்காம் லூயியின் பேரன்.

அவருக்கு அந்த உரிமை எப்படி வந்தது? பாட்டி மரியா தெரேசா வழியாக. எழுதிக்கொடுத்துவிட்டுப் போன, சீதனம் வராத, 'லாஸ் மெனினாஸ்' படத்தில் இடம்பெறாத அந்த அக்கா வழியாக. ஒரு பெண்ணின் வழியாக ஸ்பெயினைப் பெற்ற ஐந்தாம் பிலிப், 1713இல், ஆண் வழியில் எவரும் இல்லாவிட்டால்தான் பெண் அரியணை ஏறலாம் என்று புதிய வாரிசுச் சட்டம் கொண்டுவந்தார். தான் ஏறிவந்த ஏணியைத் தானே எடுத்துவிட்டார். அதை 1830இல் ஏழாம் ஃபெர்டினான்ட் தன் மகள் இசபெல்லாவுக்காக நீக்கியபோது, ஏற்க மறுத்த அவர் தம்பியின் ஆட்களால் உள்நாட்டுப் போர்கள் மூண்டன.

1978ஆம் ஆண்டின் ஸ்பானிய அரசியலமைப்பு, பிறப்பு, பால் என எந்த அடிப்படையிலும் பாகுபாடு கூடாது என்று 14ஆம் பிரிவில் சொல்கிறது. 57ஆம் பிரிவில், ஒரே நிலையில் உள்ள வாரிசுகளில் பெண்ணைவிட ஆணுக்கு முன்னுரிமை என்கிறது. ஸ்வீடன் 1980இலேயே இதை மாற்றி, பிறந்து சில மாதமே ஆன ஆண் குழந்தையிடமிருந்து பட்டத்தை எடுத்து மூத்த பெண்ணுக்குத் தந்தது. பிரிட்டனும் 2013இல் சட்டம் இயற்றியது. ஸ்பெயினில் 2014இல் ஆறாம் ஃபெலிபே அரசரானபோது அவருக்கு மூத்த அக்காக்கள் இருவர் இருந்தார்கள். இந்தப் பிரிவை மாற்றுவதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, அவைகளைக் கலைத்துத் தேர்தல், புதிய அவைகளில் மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு பொதுவாக்கெடுப்பு என நான்கு கட்டங்கள் உண்டு. எந்தக் கட்சியும் இதுவரை அதைத் தொடங்கவில்லை. 2023 அக்டோபர் 31 அன்று, பதினெட்டாவது பிறந்தநாளில், இளவரசி லியோனோர் நாடாளுமன்றத்தில் அந்த அரசியலமைப்பின்மீது உறுதிமொழி எடுத்தார். அவருக்கு ஒரு தங்கை இருக்கிறார், தம்பி இல்லை. உறுதிமொழி நடந்த கட்டடத்திலிருந்து 'லாஸ் மெனினாஸ்' மாட்டியிருக்கும் அறைக்கு நடந்தே போய்விடலாம்.